இழுப்பு உண்டா?

ஆவடி
9 ஜூன் 2025

கவி அப்பாவுக்கு,

நாகவல்லி எழுதுகிறேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம், அதுவும் சண்டைக் கடிதம். சிரிக்காதீர்கள்.

நேற்று போனில் நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன். ஸ்பீக்கர் போட்டிருந்தது எனக்கு மறந்தே போய்விட்டது. கவிப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். உங்கள் குரல் ஏறியதும் அவள் கால் இரண்டும் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டன. நாற்காலியிலிருந்து சரிந்து தட்டோடு கீழே விழுந்தாள். காலைப் பிரித்துவிட எனக்குக் கால் மணி நேரம் ஆனது. "அப்பாவ கத்த வேணாம்னு சொல்லும்மா, என் காலு பயந்துக்குது" என்றாள். ஏழு வயசுப் பிள்ளை, தன் காலையே வேறு யாரையோ சொல்வது போலச் சொல்கிறாள்.

அதனால் இனி போன் வேண்டாம். வாட்ஸ்அப்பும் வேண்டாம். போன் பாதி நேரம் அவள் கையில்தான் இருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படித்தும் விடுகிறாள். ஆபரேஷன் பேச்சு எதுவானாலும் கவரில் போட்டு அனுப்புங்கள். அவள் ஸ்கூலில் இருக்கும் நேரத்தில் படித்துக்கொள்கிறேன்.

கால் விறைப்பு போக முதுகைத் திறந்து நரம்பை வெட்ட எனக்குச் சம்மதம் இல்லை. டாக்டர் முன்னால் நீங்கள் தலையாட்டிவிட்டு, ஃபேக்டரியில் டெபுடேஷன் ஆர்டர் வந்துவிட்டது, ஆறு மாதம் ஜபல்பூர் என்று ரயில் ஏறிவிட்டீர்கள். இங்கே தினமும் அவளைப் பார்ப்பவள் நான். இன்று சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, நான் நாலு தோசை வார்க்கும் வரைக்கும் நின்றாள். அந்த விறைப்பில்தான் நிற்கிறாள். அதையும் வெட்டி எடுத்துவிட்டால் பிள்ளை எதை வைத்து நிற்கும்?

நாகவல்லி


ஜபல்பூர்
16 ஜூன் 2025

நாகவல்லிக்கு,

உன் கவரைக் கொடுக்கும்போது ஹாஸ்டல் வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தக் காலத்தில் யாருக்குக் கடிதம் வருகிறது? பதில் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கைதான் வலிக்கிறது, வாய் இத்தனை வலித்ததில்லை. பிள்ளை விழுந்தது என்னால்தான். இனி கத்தமாட்டேன்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இன்றைக்கு மேடையைப் பிடித்து நிற்கிறாள், சரி. போன வருஷம் வாக்கரில் வாசல்வரை போனவள், இந்த வருஷம் அறைக் கதவுவரைகூடப் போகவில்லை. விறைப்பைத் தளர்த்த ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்ட ஊசி இப்போது ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. இடுப்பு எக்ஸ்ரேயில் தொடை எலும்பு அதன் கிண்ணத்திலிருந்து விலக ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் விரல் வைத்துக் காட்டினாரே, நீதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இப்படியே விட்டால் பன்னிரண்டு வயதில் உட்காரக்கூட முடியாது.

நான் தினமும் வயர்க் கட்டுகளைச் சோதிக்கிறவன். டாக்டர் சொன்னதும் அந்த வேலைதான். நரம்பு வேரை இழை இழையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் லேசாகக் கரண்ட் விட்டுப் பார்ப்பார்கள். எந்த இழை தப்பாகத் துள்ளுகிறதோ அதை மட்டும் வெட்டுவார்கள். கால் அசைகிற நரம்பைத் தொடமாட்டார்கள். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. பக்கத்து வீட்டு புஷ்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய், உன் வாயால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வா. அப்புறமும் வேண்டாம் என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

சிவராமன்


ஆவடி
27 ஜூன் 2025

கவி அப்பாவுக்கு,

அவள் ஒன்றும் உங்கள் ஃபேக்டரி வண்டியில்லை, வயரை மாற்றிப் போட. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

போய்விட்டு வந்தோம். புஷ்பா அக்கா கவியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தது. டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். குப்புறப் படுக்கவைத்து ஐந்து மணி நேரம் ஆகுமாம். நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயத்தையும் சொன்னார். ஒன்று, விறைப்பு போனதும் கால் துவண்டுவிடும். உள்ளே எவ்வளவு பலம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஒரு வருஷம் பிசியோ செய்து திரும்ப எழுப்ப வேண்டும், எவ்வளவு எழும்பும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இரண்டு, ஒன்றுக்குப் போகிற நரம்பும் அங்கேயே பக்கத்தில்தான் ஓடுகிறது. அதில் தப்பு நடந்தால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க டியூப்தான். அரிது என்றார். அரிது என்றால் எத்தனை பிள்ளைகளுக்கு என்று கேட்டேன். என் கையில் இதுவரை இல்லை என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் போன வாரம் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். கவியின் தண்ணீர் பாட்டில் தினமும் நிரப்பியபடியே ஸ்கூலிலிருந்து திரும்பி வந்தது. திட்டினேன். அழுதுகொண்டே சொன்னாள். பாத்ரூமில் அவள் தொடையை விலக்க ஆயாவால் முடியவில்லையாம். இழுத்துப் பிரிக்கும்போது வலி உயிர் போகிறதாம். அதனால் காலையிலிருந்து மூன்றரை மணிவரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வெயிலில். அவளாகவே கண்டுபிடித்த வழி.

புஷ்பா அக்கா பஸ்ஸில் ஒன்றுதான் சொன்னது: "இன்னா சுகத்துக்கு அந்த வெறப்ப காப்பாத்தினு கீற நீ? அது நிக்கவா உடுது, ஒண்ணுக்குப் போகவே உடல."

ஜூலை 28-ஆம் தேதி திங்கட்கிழமை குறித்திருக்கிறார்கள். சரி என்றுவிட்டேன்.

நாகவல்லி


ஜபல்பூர்
5 ஜூலை 2025

நாகவல்லிக்கு,

தண்ணீர் பாட்டில் விஷயத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. நீ சரி என்றதற்கு நன்றி சொல்வதா, வேண்டாமா என்று தெரியவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். 28-க்குள் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். உன் தம்பி உதயகுமாரைக் கூட இருக்கச் சொல்.

ஒன்று மட்டும் செய். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்துக்கான பரிசோதனை இருக்கும். அங்கே என்னென்ன கேட்கிறார்கள், நீ என்ன பதில் சொல்கிறாய், ஒன்றுவிடாமல் எனக்கு எழுது. மறக்காமல் எழுது. காரணம் ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

சிவராமன்


ஆவடி
18 ஜூலை 2025

கவி அப்பாவுக்கு,

ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பயத்துக்கு நடுவில் ஒரு சிரிப்பும் இருக்கிறது.

காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். வரிசையில் நாற்பது பேர். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், பத்தொன்பது கிலோ. அப்புறம் ஒரு நர்ஸ் ஃபாரத்தை வைத்துக்கொண்டு கடகடவென்று கேட்டது. பேச்சைக் கேட்டால் உங்கள் நாகர்கோவில் பக்கம் போல இருந்தது. எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளையா? ஆமாம். எத்தனை நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்? முப்பத்தொரு நாள். பல் ஏதாவது ஆடுகிறதா? கீழே ஒன்று. வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? இல்லை. அப்புறம், "பிள்ளைக்கு இழுப்பு உண்டா?" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குத்தான சிஸ்டர் ஆபரேஷனே. ரெண்டு காலும் இஸ்துக்குது" என்றேன். அதுவும் தலையை ஆட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டது. பின்னாலிருந்த ஒரு அம்மாவும் சிரித்தது. டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். எல்லாம் சரி.

கவிதான் சரியில்லை. நர்ஸ் அதைக் கேட்டபோது என் புடவையைப் பிடித்து இழுத்தாள், எதையோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவர்கள் பேசும்போது சும்மா இரு என்று அதட்டினேன். வீட்டுக்கு வந்து கேட்டால், ஒன்றுமில்லை என்று கையை வாயில் வைத்துக்கொள்கிறாள். பயந்திருப்பாள் பாவம்.

இன்னும் பத்து நாள்.

நாகவல்லி


ஜபல்பூர்
23 ஜூலை 2025

நாகவல்லிக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. படித்ததும் உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. புஷ்பா அக்காவுக்குப் போட்டு உன்னைக் கூப்பிடச் சொன்னேன். ஒரே ஒரு வரிதான் சொன்னேன்: "பிள்ளைக்கு வீசிங் உண்டு, டாக்டர்ட்ட போய் உடனே சொல்லு." எப்போது வந்தது என்று கேட்டாய். போகிக்கு என்றேன். வைத்துவிட்டாய். மீதியை இப்போது எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுக் கிழி.

ஜனவரியில் உன் தங்கை சரசா பிரசவத்துக்காக நீ வேப்பம்பட்டு போயிருந்தாய். போகிப் புகையில் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். விடிந்ததும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மேளம் வாங்கிக் கொடுத்து, தோளில் தூக்கிக்கொண்டு போனேன். யாரோ டயரைத் தூக்கித் தீயில் போட்டார்கள். அந்தப் புகை எங்கள் பக்கம் திரும்பியது. மேளத்தை அடித்துக்கொண்டே இருந்தாள், நானும் நின்றுகொண்டே இருந்தேன்.

பத்து மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு கறுத்துவிட்டது. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு தடவை மருந்துப் புகை பிடித்தார்கள். மூன்றாம் தடவை வேண்டியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். நெஞ்சு டாக்டரிடம் காட்டுங்கள், எப்போதாவது மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டர். அந்தச் சீட்டு என் பர்ஸில் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். நான் மறைக்க நினைக்கவில்லை, நம்பு. "பிள்ளைக்கு கொஞ்சம் இழுப்பு வந்துட்டு" என்றுதான் சொன்னேன். எங்கள் ஊரில் மூச்சு வாங்குவதற்கு அதுதான் பேச்சு. நீ, "நல்லெண்ணெய் போட்டு காலைத் தேய்ச்சு உடுங்க" என்றாய். உங்கள் ஊரில் இழுப்பு என்றால் காலில் வருவது என்று எனக்குத் தெரியும். நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, திட்டும் வாங்கவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

அதற்கப்புறம் சொல்லாததற்குக் காரணம் வேறு. ஆபரேஷன் பேச்சு வந்தது. இதைச் சொன்னால் தள்ளிப்போகும், நீ அதையே சாக்காக வைத்து வேண்டாம் என்பாய் என்று பயந்தேன். பரிசோதனையில் அவர்களே கேட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பித்தான் கேள்விகளை எழுதச் சொன்னேன். அந்த நர்ஸ் அதே வார்த்தையைக் கேட்டு, நீ அதே பதிலைச் சொல்லி, எல்லாரும் சிரித்தீர்கள் என்று படித்த பிறகுதான் போனை எடுத்தேன்.

கவியை அதட்டாதே. அம்மாட்ட சொல்லாண்டாம் என்று அன்றைக்கு நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கினேன். அவள் என் பேச்சைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

சிவராமன்


ஆவடி
2 ஆகஸ்ட் 2025

கவி அப்பாவுக்கு,

மூச்சுக்குத் திணறிய பிள்ளைக்குக் காலைத் தேய்த்துவிடச் சொன்ன தாய் நான். என்னை அப்படி ஆக்கிவிட்டீர்கள். இதற்கு மேல் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்ததும் எழுதுகிறேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு வந்து சேரும் முன்பே வாயால் சொன்னேன். மயக்க மருந்து டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, வாயில் குழாய் போட்டு, முதுகு திறந்திருக்கும்போது மூச்சுக்குழாய் இறுகிக்கொண்டால் அவசரத்துக்குத் திருப்பிப் போடக்கூட முடியாதும்மா என்றார். தெரிந்திருந்தால் தயாராக இருக்கலாம், தெரியாமல் போனால்தான் ஆபத்து என்றார். அந்த நர்ஸும் பக்கத்தில்தான் நின்றது. "என் வார்த்தைதான் குழப்பிட்டு, நான் திரும்பக் கேட்டிருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்காவது கேட்டிருக்கணும் என்று தோன்றியது, உங்களுக்குச் சொல்லியிருக்கணும் என்று தோன்றவில்லை.

28-ஆம் தேதி ரத்து. நெஞ்சு டாக்டர் காலையும் மாலையும் பம்ப் மருந்து கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் மூச்சு சரியாக இருந்தால் செப்டம்பர் 1.

கவியிடம், அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றேன். "நெஜமா? அப்ப நான் பேசலாமா?" என்று கேட்டுவிட்டு, அந்த மேளம், டயர், கிளினிக்கில் மூக்கில் வைத்த மாஸ்க் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் சொன்னாள். ஆறு மாதம் இத்தனையையும் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். இப்போது அவள் தூங்கும்போது மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முன்பு காலுக்கு மட்டும்தான் பயந்தேன்.

நாகவல்லி


ஆவடி
6 செப்டம்பர் 2025

கவி அப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிறாள். ஆபரேஷன் முடிந்ததும் உதயகுமார் உங்களுக்குச் சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன். நேற்று வரைக்கும் அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. இன்று துணி எடுத்துப்போக வீட்டுக்கு வந்தேன். புஷ்பா அக்கா அவள் பக்கத்தில் இருக்கிறது.

ஆறரை மணி நேரம் ஆனது. கடைசியில் வாய்க்குழாயை எடுக்கும்போது மூச்சு இறுகிக்கொண்டதாம். மருந்தைக் கையிலேயே வைத்திருந்ததால் உடனே கொடுத்துச் சரிசெய்துவிட்டோம் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார்.

மூன்று நாள் அசையாமல் மல்லாந்து படுத்திருந்தாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மூத்திர டியூபை எடுத்தார்கள். மதியம் இரண்டு மணிக்குள் தானாகப் போக வேண்டும், இல்லையென்றால் திரும்பப் போடுவோம் என்றார்கள். டியூபைத் திரும்பப் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இளநீர் கொடுத்தேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து சத்தம் கேட்கவைத்தேன். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. "வருதா கண்ணு?" என்று கேட்டுக் கேட்டு அவளே பயந்துபோனாள். ஒரு மணிக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றரைக்கு, கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் இடுப்பை என் மடிமேல் லேசாகத் திருப்பினேன். "அம்மா, சுடுது" என்றாள். பெட்ஷீட், என் புடவை, பாவாடை எல்லாம் நனைந்துவிட்டது. நான் எழுந்திருக்கவேயில்லை. நர்ஸ் வந்து திட்டப்போகிறது என்று பார்த்தால் அதுவும் சிரித்தது.

துணி மாற்றும்போது பழக்கத்தில் இரண்டு கையாலும் பலம் கொடுத்துத் தொடையை விலக்கப்போனேன். தொட்டதும் தானாக விலகிவிட்டது. ஏழு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டும், ஆனால் எனக்குப் பகீரென்றது. காலைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுகிறது. கட்டைவிரலை மட்டும் அசைக்கிறாள். நிற்பாளா என்று டாக்டரும் சொல்லவில்லை, பிசியோ பெண்ணும் சொல்லவில்லை. நாளை முதல் உட்காரவைத்துப் பார்ப்பார்கள்.

கோபம் போகவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். எனக்குத் தெரியாதது இன்னும் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் இப்போதே எழுதுங்கள். உங்கள் கவரைப் பிரிக்கவே பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் பிரிப்பேன்.

நாகவல்லி


ஜபல்பூர்
12 செப்டம்பர் 2025

நாகவல்லிக்கு,

ஒன்று இருக்கிறது.

டெபுடேஷன் ஆர்டராக வரவில்லை. யாராவது பெயர் கொடுக்கிறீர்களா என்று கேட்டு போர்டில் ஒட்டியிருந்தார்கள். டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்த மறுநாள் நானாகவே போய்ப் பெயர் கொடுத்தேன். அந்த ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்க எனக்குத் தெம்பில்லை. போகி அன்று அவள் உதடு கறுத்ததைப் பார்த்தவன் நான். இன்னொரு தடவை பார்க்க முடியாது என்று நினைத்தேன். ஆபரேஷன் வேண்டும் என்று உன்னிடம் சண்டை போட்டதும் நான்தான், அதிலிருந்து ஓடி வந்ததும் நான்தான். லீவு கேட்டிருக்கிறேன், கிடைப்பது கஷ்டம் என்று எழுதினேனே, அதுவும் பொய். நான் கேட்கவே இல்லை.

இப்போது கேட்டேன். டெபுடேஷனையே பாதியில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரமோஷனுக்கு ஆகாது என்றார்கள், ஆகாமல் போகட்டும். டிக்கெட் போட்டாகிவிட்டது. இந்தக் கவர் எனக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று தெரியாது. முன்னால் வர வேண்டும் என்றுதான் ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். நீ இதைப் படித்துவிட்ட வீட்டுக்குள்தான் நான் வர வேண்டும்.

கால் தொப்பென்று விழுகிறது என்று எழுதியிருக்கிறாய். அதை முதல் தடவை என் கையில் பார்க்கும்போது என் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள். ரொம்பப் பயமாக இருக்கிறது நாகவல்லி. வருகிறேன்.

சிவராமன்